சுறா கடிக்காத பல்

அத்தியாயம் 3

“பாய், அதை எடுத்து வாயில போடுங்க. டாக்டரம்மா எந்தப் பல்லைப் பார்க்கிறதுன்னு முழிக்கிறாங்க” என்றேன்.

நாகூர் கனி பாய் மேசைமேல் கைக்குட்டையில் கிடந்த தன் மேல்வரிசைப் பல்செட்டைச் சட்டென்று எடுத்து மாட்டிக்கொண்டார். யோசனை என்று வந்துவிட்டால் பல்லைக் கழற்றி வைப்பது அவர் வழக்கம். பல் வாயில் இருந்தால் மூளை வேலை செய்ய மாட்டேன் என்கிறதாம். சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் ‘கனி துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டியிருக்கிறாரே, அவர்தான். அந்த நிலையத்தின் டைப்பிஸ்ட், தேநீர் வாங்கி வருகிறவள், அவசரத்துக்கு அறிவு, மூன்றும் நான். பெயர் தங்கம். பெயரில் இருப்பதோடு சரி, கழுத்தில் கிடையாது.

முதல் இரண்டு அத்தியாயங்களைப் படிக்காமல், கடையில் நின்றபடியே புத்தகத்தை நடுவில் பிரித்துப் பார்க்கும் கனவான்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வாங்கிப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோரிஸ் ரோட்டு மருதப்பன் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாங்கிக் கடற்கரையில் சம்பான் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாக மீன் பிடிக்கப் போனார். சம்பான் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. படகில் கிழிந்த சட்டை ஒன்றும், தோல் பெல்ட் ஒன்றும் கிடந்தன. பெல்ட்டில் ஒரு சுறாப்பல் குத்தி நின்றது. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் பல்லைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், அனுதாபம் சொன்னார், போய்விட்டார்.

மருதப்பனின் அம்மா பூவம்மா அந்தப் பல்லைப் பித்தளைத் தட்டில் வைத்து, துக்கம் கேட்க வருகிற எல்லோருக்கும் காட்டினார். நாங்கள் போனபோதும் காபிக்கு முன்னால் பல்தான் வந்தது. சுவரில் மருதப்பன் கோட்டு, டையோடு சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். “படத்துக்கு ஒரு மாலை போடக்கூட எனக்கு மனசு வரலியேம்மா” என்று பூவம்மா மூக்கைச் சிந்தினார். எனக்கே கண் கலங்கிவிட்டது. அதை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது.

எங்கள் கட்சிக்காரி மருதப்பனின் மனைவி கமலா. தேக்காவில் பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லித்தருகிறவள். பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து எங்கள் மேசைமேல் வைத்தாள்.

“நாளன்னைக்குக் காலையில கருமாதி. என் தாலியை அறுத்துட்டு, அடுத்த கப்பல்ல அவங்க சொந்த ஊர் நாகப்பட்டினம் அனுப்பப் போறாங்க. அங்க எனக்கு ஒரு குருவியைக்கூடத் தெரியாது. அவர் செத்தது நிஜம்னா நான் அழுதுட்டுக் கழுத்தை நீட்டுறேன். நிஜமில்லைன்னா என் கழுத்துல எவ கையும் படக்கூடாது. எனக்கு உண்மை வேணும் பாய். கருமாதிக்குள்ள வேணும்” என்றாள்.

ஆகவேதான் மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக புக்கிட் தீமா சாலையில், பல்கலைக்கழகத்து விலங்கியல் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரே டாக்டர் லீலா. மருந்து எழுதித் தருகிற டாக்டர் இல்லை. சுறா, திருக்கை வகையறாவுக்குப் பல் எப்படி முளைக்கிறது, எதனால் ஆனது என்று ஆராய்ச்சி செய்கிற டாக்டர். ஊரில் பாதிப் பேர் பொக்கை வாயோடு அலையும்போது இந்த அம்மாள் மீனுக்குப் பல் எண்ணிக்கொண்டிருக்கிறாரே என்று உள்ளே நுழையும்போது நினைத்தேன். வெளியே வரும்போது அந்த நினைப்பு இல்லை.

லீலா கமலா கொடுத்த பல்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். திருப்பினார். இன்னொரு தரம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“இது எங்க குத்தி நின்னுச்சுன்னு சொன்னீங்க?”

“செத்தவர் பெல்ட்ல” என்றார் பாய்.

“இந்தப் பல்லு யாரையும் கடிச்சதில்லை பாய். கடிக்கிற வயசே இதுக்கு வரலை.”

“பல்லுக்கு வயசா?”

லீலா ஒரு ஜாடியைத் திறந்து ஒரு சுறாவின் கீழ்த்தாடையை எடுத்தார். வந்த வாசனையில் நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். தாடையின் உள்பக்கத்துத் தோலை அவர் விரலால் விலக்கினார். முன்வரிசைப் பற்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்கும் பின்னால் இன்னொன்று, எல்லாம் தலைகீழாகப் படுத்திருந்தன.

“முன்னால நிக்கிறதுதான் கடிக்கும். அது விழுந்தா பின்னால படுத்திருக்கிறது எழுந்து முன்னால வரும். அதுக்குப் பின்னால அடுத்தது தயாராகும். சுறாவுக்கு ஆயுசு முழுக்க இப்படித்தான்.”

“ஆயுசு முழுக்கவா?” பாய் தன் தாடையைத் தடவிக்கொண்டார். “கொடுத்து வச்ச ஜீவன்.”

“இப்ப உங்க பல்லைப் பாருங்க. உங்க வாய்ப் பல்லை இல்லை பாய், இதை. அடியில என்ன இருக்கு?”

நான் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒன்றுமே இல்லை. உள்ளே வெறும் கூடு.

“சுறாவுக்குப் பல்லு முனையிலேருந்துதான் உருவாகும். முதல்ல வெளி ஓடு. அப்புறம் உள்ள நிரம்பும். அடிப்பாகம் கடைசியில. கூரையைப் போட்டுட்டு அப்புறமா அஸ்திவாரம் போடுற மேஸ்திரின்னு வச்சுக்குங்களேன். இது அஸ்திவாரம் போடாத பல்லு. பின்வரிசையில, ஈறுத் தோலுக்கு அடியில தூங்கிட்டு இருந்தது. சுறா எவ்வளவு வாயைப் பிளந்தாலும் இது வெளியில எட்டிப் பார்க்காது.”

“அப்ப பெல்ட்டுக்கு எப்படி வந்துச்சு?” என்றேன்.

“செத்த சுறாவோட தோலைக் கீறி யாரோ எடுத்திருக்காங்க. முன்வரிசைப் பல்லெல்லாம் தேய்ஞ்சு, முனை உடைஞ்சு கிடந்திருக்கும். இது புதுசா பளபளன்னு இருந்திருக்கும். ஆசைப்பட்டு எடுத்துட்டான்.”

“அழகைப் பார்த்து ஏமாந்திருக்கான் பாவி” என்றார் பாய். “எந்த ஊர்ச் சுறாம்மா இது?”

“எல்லாம் தேக்கா மார்க்கெட் சுறாதான். ஆளை முழுங்குற சைஸ் இல்லை. ரெண்டு குடும்பம் புட்டு அவிச்சுச் சாப்பிடலாம்.” லீலா பல்லைத் தீப்பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். “மார்க்கெட்ல அப்துல் அலீம்தான் எனக்குச் சுறாத் தலை எடுத்து வைப்பார். போன மாசம் ஒரு தலை வரலை. கேட்டா, ‘உங்க ஆளு வாங்கிட்டுப் போயாச்சே’ங்கிறார். எனக்கு ஏது ஆளு? தலையைத் தூக்குறது, கழுவுறது, நாத்தம் பிடிக்கிறது எல்லாம் நானேதான் லா.”

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். கிளம்பும்போது சுவரில் தொங்கிய வேளா மீனின் ரம்பம் போன்ற நீண்ட மூக்கைக் காட்டி, “இதுல இருக்கிற பல்லு பயங்கரமா இருக்கே” என்றேன்.

“அது பல்லே இல்லை. தோல்ல இருக்கிற செதில் வளர்ந்து பல்லு மாதிரி வேஷம் போடுது.”

“பார்த்தியா தங்கம், பல்லு மாதிரி இருக்கிறதெல்லாம் பல்லு இல்லை” என்றார் பாய் தத்துவமாக.

“அதை உங்களைத் தினம் பார்க்கிற எனக்கா சொல்றீங்க?” என்றேன்.

தேக்கா மார்க்கெட்டில் மீன்கடைகள் கழுவிவிடும் நேரம். அப்துல் அலீம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பாயைப் பார்த்ததும், “வாங்க கனி நானா! வாங்க தங்கச்சி!” என்று ஈரக்கையாலேயே சலாம் வைத்தார்.

“அலீமு, போன மாசம் டாக்டரம்மா சுறாத் தலையை யாரு வாங்கிட்டுப் போனா?”

“அதையேன் நானா கேக்குறிய. நம்ம பூவம்மா மகன் மருதப்பன்தான். ‘டாக்டரம்மா அனுப்புனாங்க’ன்னான். நல்ல கிராணி உத்தியோகத்தை விட்டுட்டுத் தலை தூக்குற வேலைக்குப் போயிட்டானேன்னு எனக்கே சங்கடமாப் போச்சு. மறுவாரம் பார்த்தா, சுறா அடிச்சு மவுத்தாயிட்டான்னு சேதி வருது! மார்க்கெட்டே சொல்லுச்சு நானா, தலையை வாங்கிட்டுப் போனவனை அந்தச் சுறாவோட சொந்தக்காரன் பழி வாங்கிருச்சுன்னு. நான்கூட பயந்துக்கிட்டுக் கொஞ்ச நாளு சுறாவே வெட்டலை.”

“இதை போலீஸ்ல சொன்னீங்களா?” என்றேன்.

“நல்லாருக்கே கதை! சுறா பழி வாங்குச்சுன்னு போய்ச் சொன்னா என்னையல்ல பிடிச்சுப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில போடுவான்?”

செத்தவர்களை ‘அவர்’ என்று சொல்வது மரியாதை. அந்த மரியாதையை மருதப்பனுக்கு நான் நிறுத்தியது இந்த இடத்தில்தான். இனி அவன்.

“ஆனா அந்த பூவம்மா இருக்கே, மனசு இரும்பு நானா” என்று அலீம் தொடர்ந்தார். “இத்தனை துக்கத்துலயும் இன்னைக்குக் காலையில வந்து பால்சுறா வாங்கிட்டுப் போச்சு. முந்தா நாளும் வந்துச்சு. தெரிஞ்ச வீட்டுல யாரோ புள்ளை பெத்திருக்காளாம். பால் ஊறணுமாம்.”

பாயின் கை தானாக வாய்க்குப் போயிற்று. பல்செட் வெளியே வந்தது. நான் கைக்குட்டையை நீட்டினேன்.

கருமாதி முடியும்வரை துக்க வீட்டில் மீன் வாசனை வரக்கூடாது. அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதுவும் என்ன மீன்? பெற்ற மகனைத் தின்றதாகச் சொல்லப்படுகிற மீன். மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, பூண்டும் வெங்காயமும் சேர்த்து அதைப் புட்டாக உதிர்க்க எந்தத் தாய்க்குக் கை வரும்? பிள்ளை பெற்றவளுக்காம்! அந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இல்லை என்றுதானே கமலாவைப் பல வருடமாக வறுத்தெடுத்தார்கள்.

“மருதப்பனுக்கு எது பிடிக்கும்னு கமலா சொல்லுச்சு?” என்றார் பாய்.

“முதல் நாளே சொன்னா. சுறாப்புட்டு இருந்தா தட்டை நக்கிட்டுத்தான் எழுந்திருப்பாராம்.”

“அப்ப சரி. செத்தவனுக்குப் பசிக்குது தங்கம்.”

பூவம்மாவுக்கு எங்கள் முகம் தெரியும். அதனால் பாய் நெற்றிவரை தலைப்பாகை கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் அவர் மனைவியின் வெள்ளைத் துப்பட்டியை வாங்கி என்மேல் போர்த்தினார். நோரிஸ் ரோட்டில் அந்த வீட்டுக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் கணவன் மனைவி மாதிரி உட்கார்ந்தோம். “கொஞ்சம் அடக்கமா உட்காரு புள்ள, என் மானம் போவுது” என்றார். “உங்க பீவி இப்படித்தான் உங்களை முறைப்பாங்க, பொருத்தமாத்தான் இருக்கு” என்றேன்.

மத்தியானம் தாண்டியதும் அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து வாசனை வந்தது. பூண்டு, மஞ்சள், சுறா. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது, வயிற்றில் நெருப்பு எரிந்தது. ஒரே நேரத்தில் இரண்டும் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த அறையில்தானே கமலாவை மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள்! அவளுக்கும் இந்த வாசனை போகாமலா இருக்கும்?

கையில் சாப்பாட்டு அடுக்குச்சட்டியோடு பூவம்மா வெளியே வந்து புக்கிட் பாஞ்சாங் போகிற பச்சை பஸ்ஸில் ஏறினார். நாங்களும் ஏறினோம். பத்தாம் கட்டையில், அதாவது பத்தாம் மைலில் இறங்கி, காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் நடந்தார். தகரக் கூரை போட்ட ஒரு வீட்டின் கதவை மூன்று தரம் தட்டினார். கதவு திறந்து மூடியது.

“நீ முன்பக்கம். நான் பின்பக்கம்” என்று பாய் கிசுகிசுத்தார். “அவன் ஜன்னல் வழியா குதிச்சான்னா நேரா என் கையிலதான்.”

குதித்தான். ஆனால் அப்போது பாய் எங்கே இருந்தார் என்றால், பின்பக்கத்துச் சாக்கடையில். வாத்துக் கூட்டம் ஒன்று துரத்தியதில் கால் இடறி விழுந்துவிட்டார். விழுந்த வேகத்தில் பல்செட் தெறித்து எங்கோ போய்விட்டது. மருதப்பன் அவர் தலைக்கு மேலேயே தாண்டி, கத்தரிக்காய்ப் பாத்திகளை மிதித்துக்கொண்டு ஓடினான் என்று பாய் பிறகு சத்தியம் செய்தார். சுறாவாக இருந்திருந்தால் அவருக்குப் பின்வரிசையிலிருந்து இன்னொன்று வந்திருக்கும். மனிதப் பிறவி, சேற்றில் தேடிக்கொண்டிருந்தார்.

நான் முன்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தரையில் கோரைப்பாய் விரித்திருந்தது. தட்டில் பாதி தின்ற புட்டு. பக்கத்தில் பூவம்மா, அசையாமல்.

“யாரும்மா சாப்பிட்டது?”

துப்பட்டிக்குள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “நான்தான்” என்றார்.

“நாளைக்கு மகனுக்குக் கருமாதி, இன்னைக்கு உங்களுக்குச் சுறாப்புட்டா?”

“பசிக்குது, தின்னேன். உனக்கென்ன லா?”

மூலையில் ஒரு தாம்பாளம் இருந்தது. அதில் தேங்காய், வெற்றிலை பாக்கு, ஓரத்தில் மஞ்சள் தடவிய அரக்குப் பட்டுப்புடவை. கல்யாணப் பெண்ணுக்கு எடுக்கும் கூறைப்புடவை. கருமாதி முடிந்ததும் மனசு ஆறுவதற்காக ஈப்போவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகப் போவதாகப் பூவம்மா நாங்கள் துக்கம் கேட்கப் போன அன்று சொன்னது ஞாபகம் வந்தது. தம்பிக்கு வயதுக்கு வந்த மகள் இருப்பதையும் அன்றே சொல்லியிருந்தார். எனக்குப் பாய் மாதிரி பல்லைக் கழற்றவேண்டிய அவசியம்கூட இல்லாமல் எல்லாம் விளங்கிவிட்டது.

முன்பெல்லாம் ஒருத்தி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வார்கள், ஊர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். இந்த செப்டம்பரில் புதுச் சட்டம் வந்துவிட்டது. இனி ஒருத்தனுக்கு ஒருத்திதான், மீறினால் கம்பி எண்ண வேண்டும். உயிரோடு இருக்கிற புருஷன் அகப்பட்டுக்கொள்வான். செத்துப்போன புருஷனை எந்த போலீஸ் பிடிக்கும்? பொண்டாட்டியையும் கப்பலேற்றிவிட்டால் புகார் கொடுக்க ஆளே இல்லை.

“பொண்டாட்டின்னா சுறாப்பல்லுன்னு நினைச்சீங்களா? ஒன்னைப் பிடுங்கிப் போட்டா பின்னால ஒன்னு எழுந்து வரும்னு?”

பூவம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. “நல்லாப் பேசுறே. இதையெல்லாம் நாளைக்கு வந்து சபையில பேசு. ஆளைக் காட்டுன்னு கேப்பாங்க. எங்க காட்டுவே? பெத்தவ நான் செத்துட்டான்னு சொல்றேன். டைப் அடிக்கிறவ நீ இல்லைன்னு சொல்றே. யாரு பேச்சு எடுபடும்? வாரிசு இல்லாம எங்க வீடு பட்டுப்போனா உங்க புதுச் சட்டமா வந்து தண்ணி ஊத்தும்?”

அடுக்குச்சட்டியை ஒவ்வொன்றாக அடுக்கி, கொக்கியை மாட்டிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய்விட்டார்.  நான் துப்பட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் பாய் சேறும் சகதியுமாக உட்கார்ந்திருந்தார். பல் கிடைக்கவில்லை. கன்னம் ஒட்டி, ஒரே நாளில் பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தார்.

“போச்சு பாய். இன்ஸ்பெக்டர்கிட்ட போனா அவரும் ஆளு எங்கன்னுதான் கேப்பார். வெறும் கூடு, கூரை, அஸ்திவாரம்னு நாம விளக்குறதுக்குள்ள அங்க தாலி அறுந்திடும். அந்தப் பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

பாய் கன்னத்துச் சேற்றை வழித்து உதறினார். இத்தனை நேரம் பல் இல்லாமல் இருந்ததில் அவர் மூளை எத்தனை தூரம் ஓடியதோ தெரியாது. பஸ் வரும்போது வாயைத் திறந்தார்.

“நாளைக்கு வரும்போது பூக்கடையில ஒரு மாலை வாங்கிட்டு வா. நல்ல சம்பங்கி மாலையா.”

“யாருக்கு?”

“வாங்கிட்டு வா புள்ள.”

மறுநாள் காலை நோரிஸ் ரோட்டு வீட்டில் உட்கார இடமில்லை. பின்கட்டில் பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நடுவீட்டில் கமலாவுக்குக் கடைசியாக ஒரு தரம் கல்யாணப் பெண் மாதிரி அலங்காரம் செய்து உட்கார வைத்திருந்தார்கள். தலை நிறைய மல்லிகை, கை நிறையக் கண்ணாடி வளையல், நெற்றியில் பெரிய குங்குமம். எல்லாவற்றையும் பறிப்பதற்காகவே போட்டுவிடும் அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவனை நான் மட்டும் பார்த்தால் தெரியும் சேதி. சுற்றிலும் நாலு விதவைக் கிழவிகள் தயாராக நின்றார்கள். கமலா என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே ‘உயிரோடு இருக்கிறான்’ என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் கல்லாக மாறியது.

சபைக்குத் தலைவர் சேதுபதி, குடும்பத்துக்குப் பெரியப்பா முறை. பெரிய மீசை, எப்போதும் பசி. அவர் முன்னால் போய்ப் பாய் பொக்கை வாயோடு கைகூப்பினார்.

“பெரியவங்களே, நான் வேத்து ஆளு. உங்க சடங்குல தலையிட மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான். இறந்தவர் படத்துக்கு இதுவரைக்கும் ஒரு பூ போடலை. பெத்த தாய் தன் கையால இந்த மாலையைப் போட்டு மகனை வழியனுப்பட்டும். அப்புறம் தாலியை எடுங்க. நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடுறேன்.”

“நானும் சம்மதிக்கிறேன். அத்தை மாலையைப் போட்டதும் கழுத்தை நீட்டுறேன்” என்றாள் கமலா.

“இதுல என்ன இருக்கு? முறையான பேச்சுத்தான். போடு பூவம்மா, சோறு ஆறுது” என்றார் சேதுபதி.

நான் மாலையைப் பூவம்மா கையில் வைத்தேன். சபையே பார்த்தது. அவர் படத்தை நோக்கி நடந்தார். கோட்டுப் போட்ட மருதப்பன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். பூவம்மாவின் கை தோள்வரை உயர்ந்தது, அங்கேயே நின்றது.

“எனக்குத் தலை சுத்துது” என்றார்.

“உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டுப் போடு” என்றார் சேதுபதி.

“வேற யாராச்சும் போடுங்களேன்.”

“பெத்தவ இருக்கும்போது வேற யாரு போடுறது?”

“என்னால முடியலை... மனசு தாங்கலை...”

கமலா எழுந்தாள். வளையல்கள் குலுங்க நடந்து வந்து அந்த மாலையைப் பூவம்மா கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். “பரவாயில்லை அத்தை. நான் போடுறேன்” என்று படத்துக்கு நேராக மாலையைத் தூக்கினாள்.

“அடியே, போடாதேடி!” பூவம்மா பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அலறினார். “பாவி, போடாதேடி! என் புள்ளை உயிரோட இருக்கான்டி! உயிரோட இருக்கிறவனுக்கு மாலை போட்டா அவன் ஆயுசு என்னடி ஆகும்!”

பின்கட்டில் யாரோ சாம்பார்க் கரண்டியை அண்டாவுக்குள் தவறவிட்டார்கள்.

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பூவம்மா தரையில் உட்கார்ந்து, கேட்டதும் கேட்காததுமாக எல்லாவற்றையும் கொட்டினார். ஈப்போப் பெண், பத்தாம் கட்டை வீடு, சுறாத் தலை, சம்பான் எதுவும் மிச்சமில்லை. பாய் தெருமுனைக் கடையிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு டெலிபோன் செய்யப் போனார். பல் இல்லாத பேச்சு புரியாமல் போய்விடக்கூடாதே என்று கடைக்காரரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

இங்கே சபை அரை நிமிடத்தில் கட்சி மாறியது. வளையலை உடைக்க வந்த அதே கிழவிகள் கமலாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். “உன் தாலி பாக்கியம் கெட்டிடி அம்மா” என்றாள் ஒருத்தி. “எப்படியோ, புருஷன் திரும்பக் கிடைச்சுட்டான். ஏதோ ஆம்பளை புத்தி கெட்டுப்போயிட்டான், மன்னிச்சு ஏத்துக்க. குடும்பம்னா நாலும் இருக்கும்” என்றார் சேதுபதி.

கமலா அவர்களை விலக்கிக்கொண்டு வந்தாள். பூவம்மாவிடம் குனிந்தாள். 

“மாலை போட்டா உங்க புள்ளை ஆயுசு போயிடும்னு பயந்தீங்களே அத்தை. என் தாலியை அறுக்க ஆள் கூட்டினப்ப என் ஆயுசைப் பத்தி நினைச்சீங்களா? நேத்து நீங்க புட்டு அவிச்ச வாசனை எனக்கு வந்துச்சு. அவருக்குப் படைக்கத்தான் செய்யுறீங்கன்னு நினைச்சு மூலையில உட்கார்ந்து அழுதேன்.”

அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமலே நிமிர்ந்து, மாலையை மருதப்பன் படத்துக்குப் போட்டாள். ஒரு பக்கம் சாய்ந்திருந்ததைச் சரி செய்தாள். பிறகு இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்த் தாலியைக் கழற்றி, அந்த மாலைக்குமேலேயே மாட்டினாள். மல்லிகையையும் குங்குமத்தையும் வளையலையும் தொடவில்லை.

கிழவிகள் வாயில் கைவைத்தார்கள். “ஆளு உயிரோட இருக்கும்போது யாருக்கும்மா இது?” என்று சேதுபதி திக்கினார்.

“எனக்குச் செத்துட்டார் பெரியப்பா. உங்களுக்கு வேணும்னா வச்சுக்குங்க” என்றாள் கமலா. “சமையல் ஆயிடுச்சுல்ல? கருமாதிச் சாப்பாடு வீணாகக் கூடாது. இலை போடுங்க.”

 பிறகு சேதுபதி மெதுவாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முதல் பந்தியில் முதல் இலையில் போய் உட்கார்ந்தார்.